பள்ளிக்கூடமும் வீடியோ கேமும்: பெற்றோரும் ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்கும் கேள்விகள்

மாணவர் ஆலோசகரான என் முன்னால் வந்து உட்காரும் பெற்றோரில் பலர் கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவார்கள். "எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம்" என்பார்கள். நான் கைபேசியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, பிள்ளை பள்ளியில் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, மதிய இடைவேளையில் யாரோடு சாப்பிடுகிறது, எந்தப் பாடவேளை வந்தால் அதற்கு வயிற்றைக் கலக்குகிறது என்று கேட்பேன். சிலருக்கு எரிச்சலாக இருக்கும். விளையாட்டைப் பற்றிப் பேச வந்தால் இவர் ஏன் பள்ளியைத் தோண்டுகிறார் என்று நினைப்பார்கள். ஏன் என்பது கீழே உள்ள பதில்களைப் படித்தால் புரியும். இவை ஏறத்தாழ பத்து வயது முதல் பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றியவை.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஆடினால் அளவு மீறிவிட்டது என்று சொல்லலாம்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். மணிக்கணக்கில் இதற்குப் பதில் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையிலும் மணிக்கணக்கு எதுவும் கிடையாது.

விடுமுறை நாளில் நான்கு மணி நேரம் ஆடிவிட்டு, கூப்பிட்டதும் முனகிக்கொண்டாவது எழுந்து வந்து சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, மறுநாள் வகுப்பில் விழித்திருக்கிற பிள்ளைகள் உண்டு. தினமும் ஒன்றரை மணி நேரமே ஆடினாலும், அதைப் போர்வைக்குள் நள்ளிரவில் ஆடி, கேட்டால் பொய் சொல்லி, காலையில் முதல் பாடவேளையைத் தூக்கத்தில் தொலைக்கிற பிள்ளைகளும் உண்டு. எனக்குக் கவலை இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

கடிகாரத்தை விட்டுவிட்டு, விளையாட்டு எதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். மாலையில் பந்தாடப் போனவன் போவதை நிறுத்திவிட்டானா? வீட்டுப்பாடத்தைப் பள்ளிப் பேருந்தில் எழுதுகிறானா? பிறந்தநாள் வீட்டுக்கு அழைத்தால் வயிற்றுவலி வருகிறதா? சும்மா கிடந்த நேரத்தை விளையாட்டு நிரப்பியிருந்தால் பெரிதாக அஞ்ச வேண்டாம்.

"கேம் அடிமை" என்கிறார்களே. உண்மையில் இது நோயா?

அந்தச் சொல்லைப் பிள்ளைகள் முன்னால் நான் சொல்வதில்லை. ஒருமுறை அந்தப் பெயரை வைத்துவிட்டால் அவர்களே அதை ஏற்றுக்கொண்டு, "நான்தான் அடிமையாயிற்றே, என்னால் முடியாது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

மருத்துவ வரையறை ஒன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 11ஆம் பதிப்பை உறுப்பு நாடுகள் 2019 மே மாதத்தில் ஏற்றுக்கொண்டன. 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதில் 'விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்றிருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள் சேர்ந்து இருக்க வேண்டும். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது கைமீறிப் போயிருக்க வேண்டும். வாழ்க்கையின் மற்ற ஈடுபாடுகளும் அன்றாட வேலைகளும் விளையாட்டுக்குப் பின்னால் தள்ளப்பட்டிருக்க வேண்டும். கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் ஆட்டம் தொடர வேண்டும் அல்லது இன்னும் கூட வேண்டும். இதனால் படிப்பிலோ குடும்பத்திலோ பழகும் விதத்திலோ கடுமையான பாதிப்பு ஏற்பட்டு, இந்த நிலை பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். நிலைமை மிகவும் தீவிரமாக இருந்தால் மருத்துவர் அத்தனை மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் சற்றுத் தயங்கியே நின்றது. 2013இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளுக்கான தன் கையேட்டில் 'இணைய விளையாட்டுக் கோளாறு' என்பதை மேலும் ஆராயப்பட வேண்டியவற்றின் பட்டியலில் வைத்தது. ஒன்பது அறிகுறிகளைக் கூறி, ஓராண்டில் அவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும் என்றது. ஆய்வாளர்களில் சிலர் இதை நோயென்று அழைப்பதையே எதிர்த்தார்கள். சாதாரணமாக விளையாடுகிற கோடிக்கணக்கான பிள்ளைகள்மேல் களங்கம் விழும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆறு மாதமாகப் பள்ளிக்கே போகாத பிள்ளையின் தாயிடம் அந்த வாதத்தைச் சொல்லிப் பயனில்லை.

எத்தனை பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இருக்கிறது?

2022இல் ஐரோப்பா, மத்திய ஆசியா, கனடா ஆகியவற்றைச் சேர்ந்த 44 நாடுகளிலும் பகுதிகளிலும் 11, 13, 15 வயதுள்ள ஏறத்தாழ 2,80,000 மாணவர்களிடம் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு ஒரு கருத்தறிதல் நடந்தது. 34 சதவீதம் பேர் தினமும் விளையாடுவதாகச் சொன்னார்கள். 22 சதவீதம் பேர் விளையாடும் நாளில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆடினார்கள். சிக்கலான விளையாட்டுப் பழக்கத்தின் விளிம்பில் இருந்தவர்கள் 12 சதவீதம். அதையே பிரித்துப் பார்த்தால் ஆண் பிள்ளைகளில் 16, பெண் பிள்ளைகளில் 7.

விளிம்பில் இருப்பது நோய் ஆகாது. மருத்துவர் நேரில் பார்த்து 'கோளாறு' என்று உறுதிசெய்யக்கூடிய பிள்ளைகள் இதைவிட மிகக் குறைவு. தினமும் ஆடுகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

மகனின் மதிப்பெண் சரிந்துவிட்டது. விளையாட்டுதானே காரணம்?

இருக்கலாம். தலைகீழாகவும் இருக்கலாம்.

எது முதலில் வந்தது என்று பாருங்கள். பழைய மதிப்பெண் பட்டியல்களையும் வருகைப் பதிவையும் எடுத்து வையுங்கள். கைபேசியையோ கணினியையோ வாங்கிக்கொடுத்த மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு ஆட்டம் தொடங்கியது எப்போது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பல வீடுகளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் சரிவு முன்னால் நிற்கிறது, விளையாட்டு அதற்குப் பின்னால் வந்திருக்கிறது. பள்ளி மாறிய ஆண்டு, பாடமொழி மாறிய ஆண்டு, நெருங்கிய நண்பன் வேறு பிரிவுக்குப் போன ஆண்டு, கணக்கில் பின்னங்கள் புரியாமலேயே அடுத்த வகுப்புக்குத் தள்ளப்பட்ட ஆண்டு: சரிவு அங்கே தொடங்கியிருக்கும். யாரும் கண்டுபிடிக்காத வாசிப்புக் குறைபாட்டோடு எட்டாம் வகுப்பு வரை வந்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுத்துகள் கண்முன் முரண்டு பிடிக்க, "அக்கறை இல்லை, சோம்பேறி" என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டு மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்குத் திரையில் ஓர் இடம் கிடைக்கிறது. அங்கே அவன் கெட்டிக்காரன், அவனுக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. போகாமல் என்ன செய்வான்?

அதன்பிறகு சுழல் தொடங்குகிறது. இரவில் ஆடுகிறான், காலையில் தூங்குகிறான், பாடம் விடுபடுகிறது. விடுபட்டதால் வகுப்பு இன்னும் புரியாமல் போகிறது. புரியாத வகுப்பிலிருந்து தப்பிக்க மறுபடி ஆட்டம். இந்தக் கட்டத்தில் காரணம் எது, விளைவு எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மனச்சோர்வு, பதற்றம், பள்ளியில் சீண்டப்படுவது ஆகியவற்றோடு சிக்கலான விளையாட்டுப் பழக்கம் சேர்ந்தே காணப்படுவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஒன்று மற்றொன்றைத் தூண்டுகிறது. அதனால் கைபேசியை மட்டும் எடுத்துவிட்டுப் பின்னங்களை அப்படியே விட்டுவைத்தால் மதிப்பெண் ஏறாது. ஓய்ந்துபோன பிள்ளை ஒன்று வீட்டில் இருக்கும், அவ்வளவுதான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நன்றாகப் படித்துக்கொண்டு, நண்பர்களோடு திரிந்துகொண்டு இருந்த பிள்ளை ஒரு குறிப்பிட்ட ஆட்டத்துக்குள் போன பிறகு ஆறே மாதத்தில் சரிந்ததையும் பார்த்திருக்கிறேன். பள்ளிமேல் பழிபோட அங்கே எதுவும் இருக்கவில்லை.

பாடப் புத்தகத்தோடு பத்து நிமிடம் உட்கார முடியாதவன் ஆட்டத்தில் நான்கு மணி நேரம் அசையாமல் இருக்கிறானே, எப்படி?

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு உளவியலாளர்கள் மனிதனைத் தானாகச் செயல்பட வைக்கும் தேவைகள் மூன்று என்று சொன்னார்கள்: நானே தேர்ந்தெடுத்தேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, நான் சிலரோடு சேர்ந்தவன் என்ற உணர்வு. ஒரு நல்ல வீடியோ கேம் இந்த மூன்றையும் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் தந்துவிடுகிறது. சராசரி வகுப்பறையில் ஒரு நாளில் இந்த மூன்றில் ஒன்றாவது கிடைக்கிறதா என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்.

இதைவிட முக்கியமானது தோல்வி. ஆட்டத்தில் தோற்றால் அடுத்த நிமிடமே மறுபடி ஆடலாம். நூறுமுறை தோற்றதை யாரும் எழுதிவைப்பதில்லை, நூற்றோராம் முறை வென்றதுதான் திரையில் நிற்கும். பள்ளியில் தோற்றால் ஆசிரியர் அதை நாற்பது பேர் முன்னால் உரக்க வாசிக்கிறார். அந்த எண் ஆண்டு முழுவதும் கூடவே வருகிறது. மறுதேர்வு என்றால் அதுவே ஒரு தண்டனை. (மதிப்பெண்ணை உரக்க வாசிக்கும் வழக்கத்தைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் ஒருநாளும் கடைசி மதிப்பெண் வாங்கியிருக்க மாட்டார்.)

விளையாட்டை உருவாக்கும் நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் தொடர்ச்சி அறுந்துவிடும், இந்தப் பருவம் முடிவதற்குள் ஆடாவிட்டால் அந்தப் பொருள் இனி கிடைக்கவே கிடைக்காது என்று கட்டுகிறார்கள். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் உயிரினங்களை அதிக நேரம் பிடித்துவைக்கிறது என்பதை பி.எஃப். ஸ்கின்னர் விலங்குகளை வைத்துச் சென்ற நூற்றாண்டிலேயே காட்டினார். சூதாட்ட எந்திரம் இயங்குவதும் இதே விதியில்தான். ஆசைகளை அடக்கி ஆளும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எதிரில் ஒரு நிறுவனம் முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. இதை மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயம் என்று பேசுவது நியாயமில்லை.

இன்னொன்று. எந்தப் பாடத்திலும் நிலைக்காத கவனம் ஆட்டத்தில் மட்டும் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது என்றால், கவனக்குறைவுக் கோளாறு இருக்கிறதா என்று ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. "ஆட்டத்தில் கவனம் இருக்கிறதே, அப்புறம் என்ன குறைபாடு" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கோளாறு உள்ளவர்களுக்கும் உடனுக்குடன் பலன் தெரியும் காரியத்தில் கவனம் நிற்கும்.

காலையில் எழுப்பவே முடியவில்லை. இரவில் ஆடுவதாலா?

பாதி ஆட்டம், பாதி வயது. பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரக்கும் நேரம் தள்ளிப்போகிறது. பத்து மணிக்குப் படுக்கச் சொன்னால் அவர்களுக்கு உண்மையிலேயே தூக்கம் வருவதில்லை. பள்ளி மணியோ அதிகாலையிலேயே அடிக்கிறது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். இந்த இரண்டுக்கும் இடையில் ஏற்கெனவே நெருக்கடி இருக்கிறது. அதற்குள் ஒரு ஆட்டத்தைக் கொண்டுபோய் வைத்தால் மிஞ்சுவது ஐந்து மணி நேரம்.

நான் ஒரே ஒரு விதியைத்தான் பரிந்துரைக்க முடியும் என்றால், கைபேசியும் மற்ற கருவிகளும் இரவில் படுக்கையறைக்கு வெளியே மின்னேற்றப்பட வேண்டும் என்பதைச் சொல்வேன். வீட்டில் உள்ள அனைவருடைய கருவிகளும். அப்பாவின் கைபேசி தலையணைக்கு அடியில் இருக்கும்போது மகனுடையதை மட்டும் கூடத்தில் வைக்கச் சொன்னால் அது ஒரு வாரம்கூட நிற்காது. 'அலாரத்துக்கு வேண்டும்' என்ற சாக்கு வரும், ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கிவிடுங்கள்.

"இந்த மேட்ச் மட்டும் முடியட்டும்" என்கிறான். உண்மையா, சாக்கா?

பெரும்பாலும் உண்மை. இணையத்தில் குழுவாக ஆடும் பல ஆட்டங்களை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. ஒரு சுற்று இருபது, முப்பது நிமிடம் ஓடும். பாதியில் வெளியேறினால் உடன் ஆடும் நான்கு பேர் தோற்பார்கள், அவனுடைய தரநிலை இறங்கும், சில ஆட்டங்களில் சிறிது நேரத்துக்குத் தடையும் விழும். அந்த நான்கு பேரும் நாளை வகுப்பில் அவன் முகத்தைப் பார்க்கப்போகிறவர்களாக இருக்கலாம். பந்தாட்டத்தின் நடுவே கோல்காப்பாளரை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போவதைப் போன்றது அது.

அதனால் "ஏழு மணிக்கு நிறுத்து" என்பதைவிட "இன்னும் இரண்டு மேட்ச், அதற்குமேல் புதிதாகத் தொடங்கக்கூடாது" என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். ஒப்பந்தத்தை ஆட்டம் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். எந்த ஆட்டத்தில் ஒரு சுற்று எவ்வளவு நேரம் ஓடும் என்று தெரிந்துவைத்திருக்கும் பெற்றோரிடம் பிள்ளைகள் அதிகம் வாதாடுவதில்லை. தெரியவில்லையென்றால், "எனக்கும் ஒருமுறை காட்டு" என்று பக்கத்தில் உட்காருங்கள்.

கைபேசியைப் பிடுங்கிவிட்டால், அல்லது இணையத்தைத் துண்டித்துவிட்டால்?

நாடுகளே இதைச் செய்து பார்த்திருக்கின்றன. தென்கொரியா 2011இல் 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை இணையத்தில் விளையாடுவதைத் தடைசெய்தது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். போதாக்குறைக்கு ஆட்டங்கள் கணினியிலிருந்து கைபேசிக்கு இடம் மாறின, கைபேசி அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. 2022 தொடக்கத்தில் அந்தத் தடை கைவிடப்பட்டது. சீனா 2021 செப்டம்பரிலிருந்து 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் மட்டும் இரவு 8 முதல் 9 வரை ஒரு மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அதற்கு முன்னால் 2019இல் கொண்டுவந்த கட்டுப்பாட்டால் மிக அதிகமாக ஆடுவது குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது.

அரசாங்கத்துக்கே கைகூடாதது வீட்டில் ஓரளவு கைகூடும். அரசாங்கத்தைப் போல் அல்லாமல் நீங்கள் பிள்ளையோடு பேச முடியும் அல்லவா? ஆனால் கோபத்தில், ஆட்டத்தின் நடுவில், திடீரென்று பிடுங்குவதைச் செய்யாதீர்கள். கத்தலும் கதவை உடைப்பதும் நடக்கும் நாட்கள் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கியிருக்கின்றன. குறைப்பதை முன்கூட்டிச் சொல்லுங்கள், படிப்படியாகச் செய்யுங்கள், காலியாகும் நேரத்தில் என்ன வரப்போகிறது என்பதைப் பிள்ளையோடு சேர்ந்து முடிவுசெய்யுங்கள். "படி" என்பது அதற்குப் பதிலாகாது.

முதல் இரண்டு வாரம் எரிச்சல், தூக்கமின்மை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது எல்லாம் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். "நான் செத்துப்போவேன்" என்பதுபோல் ஏதாவது சொன்னால் மட்டும் அதை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். தனியே விடாமல், அன்றே மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள்.

பள்ளியில் அவளுக்குத் தோழிகளே இல்லை. ஆட்டத்தில் சந்தித்தவர்கள்தான் நண்பர்கள் என்கிறாள்.

'அவன்' என்றே எழுதிக்கொண்டு போகிறேன், நல்லவேளை நீங்கள் நிறுத்தினீர்கள். பெண் பிள்ளைகளின் விளையாட்டுப் பழக்கம் வெளியே தெரிவது குறைவு. வீட்டில் சத்தம் வராது. ஆட்டத்தில் தன் பெயரையும் குரலையும் மறைத்துக்கொள்ளும் பெண்கள் பலர், ஏனென்றால் பெண் என்று தெரிந்தவுடன் வரும் பேச்சுகளைக் கேட்க அவர்களுக்குப் பொறுமையில்லை.

அந்த நண்பர்கள் பொய்யானவர்கள் என்று சொல்லாதீர்கள். பள்ளியில் ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு இரவு எட்டு மணிக்கு "வந்துவிட்டாயா, உனக்காகத்தான் காத்திருந்தோம்" என்று கேட்கும் குரல் பெரிய விஷயம். அதைப் பறித்துவிட்டால் ஒன்றுமே மிஞ்சாது. அதே நேரம் அவர்கள் யார், எத்தனை வயது, ஆட்டத்துக்கு வெளியே பேசுகிறார்களா, படம் கேட்டார்களா என்று அமைதியாகக் கேளுங்கள். வயதில் பெரியவர் ஒருவர் பரிசுப் பொருட்களை வாங்கிக்கொடுத்து நெருங்கிவருகிறார் என்றால் அங்கே உடனே தலையிட வேண்டும்.

பிறகு பள்ளிக்குப் போங்கள். மதிய இடைவேளையில் அவள் எங்கே உட்காருகிறாள் என்று வகுப்பாசிரியரைக் கேளுங்கள். தெரியாது என்றால், நாளைக்குப் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள்.

வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது. திருடனாகிவிட்டானா?

திருட்டு என்ற சொல்லுக்கு முன்னால், அந்தப் பணம் எதற்குப் போனது என்று பாருங்கள். பல நேரம் அது ஆட்டத்தில் வரும் பாத்திரம் அணியும், 'ஸ்கின்' எனப்படும் உடைக்குப் போயிருக்கும். அதை அணிந்தால் ஆட்டத்தில் பலம் கூடாது, அழகு மட்டும்தான். இலவசமாகக் கிடைக்கும் உடையோடு வருபவனை வகுப்பில் கேலி செய்கிறார்கள். கிழிந்த காலணியோடு பள்ளிக்குப் போக வெட்கப்படும் அதே வெட்கம்தான் இது.

இன்னொரு வகை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி. இதைச் சூதாட்டம் என்றே பெல்ஜியம் 2018இல் முடிவுசெய்தது. உங்கள் பிள்ளை இதில் விழுந்திருந்தால் கோபத்தில் ஒரு பங்கு அந்தப் பெட்டியைச் செய்தவர்களுக்கும் போகட்டும். கட்டண அட்டை விவரத்தைக் கருவியிலிருந்து நீக்குங்கள், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றுங்கள். போன பணத்தில் ஒரு பகுதியை வீட்டு வேலை செய்து ஈடுகட்டச் சொல்லலாம். உறவினர் கூட்டத்தில் வைத்துச் சொல்லிக்காட்டுவது மட்டும் வேண்டாம்.

சுட்டுத் தள்ளும் ஆட்டங்களை ஆடினால் வன்முறையாளனாகிவிடுவானா?

அப்படிச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கமே 2020இல் தெளிவுபடுத்தியது. வயதுக்குப் பொருந்தாத ஆட்டம் வேண்டாம் என்பது வேறு விஷயம், அதற்கு உறைமேலுள்ள வயது வரம்பைப் பாருங்கள்.

நான் வகுப்பாசிரியர். என்னால் என்ன செய்ய முடியும்? வீட்டில் நடப்பது என் கையில் இல்லையே.

பள்ளி நாள் உங்கள் கையில் இருக்கிறதே.

முதலில் கண்ணில் படுவது உங்களுக்குத்தான். திங்கட்கிழமை முதல் பாடவேளையில் தலை சாய்வது, வாராவாரம் ஒரே நாளில் விடுப்பு, திடீரென்று நின்றுபோன வீட்டுப்பாடம், விளையாட்டுப் பாடவேளையிலும் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பது. இவற்றைத் தேதியோடு குறித்துவையுங்கள். பெற்றோரிடம் "உங்கள் மகன் எப்போதும் தூங்குகிறான்" என்பதைவிட "இந்த மாதம் ஆறு நாள் முதல் பாடவேளையில் தூங்கினான்" என்றால் பேச்சு சண்டையாகாது.

ஆட்டத்திலிருந்து சிலவற்றைக் கடன் வாங்கலாம். பரிசுப் புள்ளி, பட்டம், தரவரிசைப் பலகை ஆகியவற்றைச் சொல்லவில்லை. தரவரிசைப் பலகை வகுப்பில் கடைசி ஐந்து பேரை இன்னும் ஆழமாகப் புதைக்கும். விடைத்தாளை மூன்று வாரம் கழித்துத் தராமல் இரண்டு நாளில் திருத்திக் கொடுங்கள். சிறிய தேர்வு ஒன்றில் தோற்றவனுக்கு அதே வாரத்தில் மறுபடி எழுத வாய்ப்புக் கொடுத்து, இரண்டில் அதிகமானதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கணக்கில் ஒன்றை அவனே தேர்ந்தெடுக்கட்டும். தூங்குபவனுக்குக் கரும்பலகை துடைப்பதைவிட மற்றவர்களுக்குத் தேவைப்படும் ஒரு பொறுப்பு கிடைக்கட்டும். ஆய்வுக்கூடச் சாவி, ஒலிபெருக்கி, நூலகப் பதிவேடு எதுவாக இருந்தாலும் சரி, அவன் வராவிட்டால் வேலை நிற்க வேண்டும். ஆட்டத்தில் அவனை இழுத்துப் பிடித்திருப்பது அந்த உணர்வுதான்.

காலை வணக்கக் கூட்டத்தில் கைபேசியின் தீமைகள் பற்றி உரையாற்றுவதால் பலன் வந்து நான் பார்த்ததில்லை. யாரைக் குறித்துப் பேசுகிறீர்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

பள்ளியில் கைபேசியைத் தடைசெய்தால் தீர்ந்துவிடாதா?

வகுப்பறை அமைதியாகும், இடைவேளையில் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசுவார்கள். பிரான்ஸ் 2018இல் சட்டமாகவே கொண்டுவந்தது, எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் சிக்கலான விளையாட்டு நடப்பது பள்ளி நேரத்தில் அல்ல, இரவில்.

படிப்பு வேண்டாம், ஈ-ஸ்போர்ட்ஸ் வீரன் ஆகப்போகிறேன் என்கிறான்.

சிரிக்காதீர்கள். சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் வீடியோ கேம் போட்டிகளுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். அது ஒரு தொழில்தான். அதில் நுழைகிறவர்கள் மிகச் சிலர், பெரும்பாலோர் இருபதுகளின் நடுவிலேயே வெளியே வந்துவிடுகிறார்கள். "அப்படியானால் ஒரு வீரனைப் போல் பயிற்சி செய்" என்று சொல்லிப் பாருங்கள்: குறித்த நேரத்தில் பயிற்சி, உடற்பயிற்சி, எட்டு மணி நேரத் தூக்கம், ஆடிய ஆட்டத்தைத் திரும்பப் பார்த்துத் தவறு எழுதுவது, மாதம் ஒருமுறை ஒரு போட்டியில் கலந்து முடிவைக் காட்டுவது. உண்மையான ஆர்வம் உள்ளவன் ஒப்புக்கொள்வான். ஒளிந்துகொள்ள ஆட்டத்துக்குள் போனவன் இரண்டாம் வாரமே பேச்சை மாற்றுவான். இரண்டில் எது நடந்தாலும் உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிடும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பள்ளிக்குப் போவதே நின்றுவிட்டால். பகலும் இரவும் இடம் மாறிவிட்டால். குளிப்பதும் சாப்பிடுவதும் விடுபட்டால். தானாகக் குறைக்க முயன்று பலமுறை தோற்று அதற்காகப் பிள்ளையே அழுதால். வீட்டில் யாரையாவது அடித்தால் அல்லது தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டால் அன்றே.

விளையாட்டுக் கோளாறுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. எண்ணமும் நடத்தையும் சார்ந்த உளவியல் சிகிச்சையும் குடும்பத்தையும் சேர்த்து நடத்தும் சிகிச்சையும்தான் இப்போது அதிகம் கையாளப்படுகின்றன. கூடவே இருக்கும் மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைவுக் கோளாறு ஆகியவற்றுக்குத் தேவைப்பட்டால் மருந்து கொடுப்பார்கள். அவை சரியாகும்போது ஆட்டமும் தானாகத் தளர்வது உண்டு. அடித்துத் திருத்துவோம், பூட்டிவைத்துத் திருத்துவோம் என்று முகாம் நடத்துபவர்களிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

நான் மாணவன். இதைப் பெற்றோருக்குத் தெரியாமல் படிக்கிறேன். எனக்கே நிறுத்த முடியவில்லை.

இதை நீங்களே கேட்டது நல்லது, நான் எதையும் நிரூபிக்க வேண்டிய அவசியமில்லை.

ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு முறை ஆட்டத்தைத் திறக்கும்போதும், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று ஒரு வரி மட்டும் எழுதுங்கள். 'வேதியியல் தேர்வு அறிவித்தார்கள்', 'அம்மாவும் அப்பாவும் சண்டை', 'சும்மா', 'அறிவிப்பு வந்தது', இப்படி. வாரக் கடைசியில் எது அதிகம் வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். 'அறிவிப்பு வந்தது' அதிகமென்றால் அறிவிப்புகளை அணைத்தாலே பாதி குறையும். 'வேதியியல்' அதிகமென்றால் உங்களுக்கு வேண்டியது வேதியியலில் உதவி, அதை ஆசிரியரிடமோ நன்றாகப் படிக்கும் நண்பனிடமோ கேளுங்கள். 'சண்டை' அதிகமென்றால் அந்தப் பாரத்தை ஒரு பெரியவரிடம் இறக்கிவையுங்கள். அத்தையோ மாமாவோ ஆலோசகரோ, திட்டாமல் கேட்பார் என்று உங்களுக்குத் தோன்றும் யாராக இருந்தாலும் சரி.

பிறகு உங்களை அதிகமாக இழுக்கும் ஒரே ஒரு ஆட்டத்தை மட்டும் கருவியிலிருந்து எடுங்கள். மற்றவை இருக்கட்டும். உடன் ஆடுகிறவர்களிடம் "தேர்வு முடியும்வரை வரமாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர்களே உங்களைத் தேடிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே இரவில் அழித்தவர்களில் பலர் மறுநாள் பள்ளி விட்டு வந்தவுடன் திரும்பப் பதிவிறக்கியதைப் பார்த்திருக்கிறேன்.